ஐந்து நிமிடத்தில் 41 கேள்வி: தலையில் அடிபட்ட ஒரு சிறுவனின் சிகிச்சைக் கதை

முதல் நாள் நான் எண்ணியது அவன் அடித்ததையோ கடித்ததையோ அல்ல, அவனுடைய அம்மா கேட்ட கேள்விகளை. அம்மாவும் மகனும் தரையில் உட்கார்ந்து கட்டைகளையும் ஒரு பிளாஸ்டிக் லாரியையும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த அறையில், அலமாரியில் சாய்த்து வைத்த பழைய கைபேசியின் வீடியோ கால் வழியாகப் பார்த்தபடி தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். இது என்ன கலர்? இது எத்தனை? லாரி யாரு வாங்கிக் கொடுத்தா? அப்பா பேரு என்ன? நேத்து எங்க போனோம், சொல்லு பார்ப்போம்? ஐந்து நிமிடம் முடிந்தபோது 41 கோடு இருந்தது. பையனுக்கு 3 வயது 9 மாதம். முதல் ஏழெட்டுக்குப் பதில் சொன்னான், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், பதினேழோ பதினெட்டோ வந்தபோது லாரியைத் தூக்கி அம்மாவின் மூக்கில் எறிந்தான். அம்மா வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தார். "பார்த்தீங்களா மேடம், இப்படித்தான். காரணமே இல்லாம."

காரணம் தாளில் கோடு கோடாக இருந்தது. ஆனால் அதை அன்றைக்கே அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு குற்ற உணர்ச்சியைத்தான் அவர் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

நான் மருத்துவ உளவியலாளர். குழந்தைகளோடும், பெரும்பாலும் அவர்களின் அப்பா அம்மாவோடும் வேலை. இந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களைக் கலந்து மாற்றியிருக்கிறேன். தேனிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா குட்டியானை ஓட்டுகிறார், சந்தைக்குக் காய்கறி ஏற்றுவது. அம்மா வீட்டில். கூடவே அப்பத்தா.

விபத்து நடந்தது ஐந்து மாதம் முன்பு. ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள், நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த பெல்ட்டை இதுவரை நேரில் கண்ணால் பார்த்ததே இல்லை என்று அப்பா சொன்னார். நானும் ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட, பையன் முன்பக்கமாகப் போய் விழுந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது, நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 7. அந்த அளவு 3இல் தொடங்கி 15 வரை போகும், 8க்குக் கீழோ எட்டாகவோ இருந்தால் கடுமையான காயம். ஸ்கேனில் மூளையின் முன்மடலில், வலது பக்கம் அதிகமாக, ரத்தக் கன்றல். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, அப்புறம் வார்டு, அப்புறம் வீடு.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்ளும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, அது உண்மையிலேயே உயிர்களைக் காக்கிறது, இந்தப் பையனுக்கும் உதவியது. ஆனால் இது ஐந்தாவது மாதம். நடக்கிறான், பேசுகிறான், இடது கையில் மட்டும் லேசாகப் பிடிமானக் குறைவு. பிசியோதெரபி முடிந்துவிட்டது. 'பிள்ளை தேறிட்டான்' என்று ஊர் சொல்லிவிட்டது. வீட்டுக்குள்ளேயோ தட்டு பறக்கிறது, அம்மாவின் கையில் பல் தடம், கதவு திறந்திருந்தால் நேராக ரோட்டுக்கு ஓட்டம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தூக்கமில்லை. அங்கன்வாடியில் இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டதால் இரண்டாவது வாரமே 'கொஞ்ச நாள் வீட்டுல வச்சிருங்க' என்று அனுப்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை முதலில் பார்த்தே ஆக வேண்டும், நடத்தைச் சிகிச்சை என்று குதிப்பதற்கு முன்னால். பையன் என்னென்ன மருந்து சாப்பிடுகிறான்? மஞ்சள் பையைத் தலைகீழாகக் கொட்டியதில் லெவெடிராசிட்டம் சிரப் இருந்தது. வலிப்பு வராமலிருக்கக் கொடுப்பது. நல்ல மருந்துதான், ஆனால் சில குழந்தைகளைச் சிடுசிடுப்பாகவும் முரட்டுத்தனமாகவும் ஆக்கும், இது மருத்துவர்களுக்குத் தெரிந்த பக்க விளைவு. இவனுக்கு வலிப்பு ஒரு தடவைகூட வந்ததில்லை. தலைக்காயத்தில் முதல் வாரத்துக்குப் பாதுகாப்பாக ஆரம்பித்தது, யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.) தூக்கம் கொஞ்சம் சீரானது. கடிப்பது கொஞ்சம் குறைந்தது. மீதி அப்படியே இருந்தது.

அந்த மீதியை வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அது அடம், ஒரு போடு போட்டால் அடங்கும். அம்மாவுக்கு அது தன் தப்பு, ஏனென்றால் அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டியது அவர்தான். அதனால் பையன் கேட்டது எல்லாம் கிடைத்தது, கைபேசி, சாக்லேட், ராத்திரி பதினொரு மணிக்கு முட்டை தோசை. அப்பத்தாவுக்கு அது கண்ணேறு. ஆக ஒரே தட்டை வீசியதற்கு அப்பாவிடம் அடி, அம்மாவிடம் முத்தம், அப்பத்தாவிடம் உப்பு மிளகாய். நல்ல மூளைக்கே இதில் கணக்குப் பிடிபடாது.

"சின்னப் பிள்ளைதானே, மூளை வளர வளரச் சரியாயிடும்" என்று இவர்களுக்குப் பலர் சொல்லியிருந்தார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளில் செய்த ஆய்வுகளில், குட்டியாக இருக்கும்போது மூளையில் காயம் பட்டவை வளர்ந்த குரங்குகளைவிட நன்றாகத் தேறின. அதிலிருந்து 'சிறு வயதில் அடிபட்டால் நல்லது' என்ற மாதிரி ஒரு கொள்கையே உருவாகிவிட்டது. பிற்பாடு மெல்போர்னில் விக்கி ஆண்டர்சன் குழுவினர் தலையில் அடிபட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தபோது படம் வேறாக இருந்தது. கடுமையான காயம் என்றால், மிகச் சிறியவர்கள்தான் அதிகம் பின்தங்கினார்கள். யோசித்தால் புரியும். பத்து வயதுப் பையன் கற்றுக்கொண்டதில் கொஞ்சத்தை இழக்கிறான், மூன்று வயதுக் குழந்தையோ இனிமேல் கற்க வேண்டிய கருவியிலேயே அடி வாங்குகிறது. பொறுத்திருப்பது, கோபத்தை அடக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் முன்மடலின் வேலை, மூன்று வயதில் அது பாதிகூடக் கட்டி முடியாத வீடு.

அடிபட்ட இடத்தை நாம் மாற்ற முடியாது. சுற்றியிருப்பவர்களை மாற்றலாம். அதற்காக நான் எடுத்துக்கொண்டது பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை. 1970களில் அமெரிக்காவில் ஷீலா ஐபெர்க் உருவாக்கியது, அடிபட்ட குழந்தைகளுக்காக அல்ல, இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள சாதாரண முரட்டுப் பிள்ளைகளுக்காக. இதில் சிகிச்சையாளர் குழந்தையைத் தொடுவதே இல்லை. அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாட, சிகிச்சையாளர் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்துகொண்டு பெற்றோரின் காதுக் கருவியில் 'இப்போது இதைச் சொல்லுங்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்' என்று ஓதிக்கொண்டே இருப்பார். பின்னர் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஷாரி வேட் குழுவினர் இதைத் தலைக்காயம் பட்ட 3 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக இணையவழிப் பயிற்சியாக மாற்றினார்கள், டொராண்டோவிலும் அதே பாணியில் ஒரு திட்டம் வந்தது. அவர்கள் கண்டது எனக்குப் பிடித்த வகையில் நேர்மையானது. பெற்றோரின் பேச்சும் நடத்தையும் தெளிவாக மாறின. குழந்தையின் நடத்தை எல்லா வீட்டிலும் ஒரே அளவுக்கு மாறவில்லை, வருமானம் குறைந்த குடும்பங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

எங்களிடம் கண்ணாடிச் சுவர் கிடையாது. ஒரு கைபேசி, ஒரு ப்ளூடூத் இயர்போன், அவ்வளவுதான்.

முதல் கட்டத்தில் விளையாட்டை நடத்துவது குழந்தை. பெற்றோர் கேள்வி கேட்கக்கூடாது, கட்டளை போடக்கூடாது, குறை சொல்லக்கூடாது. அவன் செய்வதைச் சொல்ல வேண்டும், அவன் பேசியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவனைப் போலவே செய்ய வேண்டும், நல்லது செய்தால் இன்னது நல்லது என்று பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். தினமும் வீட்டில் ஐந்தே நிமிடம். ஐந்து நிமிடத்தில் அப்படிப் பத்துப் பாராட்டு, பத்துத் திருப்பிச் சொல்லல், பத்து விவரிப்பு வர வேண்டும், கேள்வி, கட்டளை, குறை மூன்றும் சேர்ந்து மூன்றுக்கு மேல் போகக்கூடாது, அதுதான் தேர்ச்சி. 41 கேள்வி கேட்டவருக்கு இது எவரெஸ்ட்.

ஏன் இவ்வளவு கேள்வி? மருத்துவமனையில் கண் திறந்த நாளிலிருந்து அந்தப் பையனைப் பார்க்க வந்த ஒவ்வொரு உறவுக்காரரும் கட்டிலருகே குனிந்து கேட்டது ஒன்றேதான்: "என்னைத் தெரியுதா சாமி?" மூளையில் அடி என்றதும் நமக்கு ஞாபகம் போய்விடுமோ என்ற பயம். பதில் வந்தால் மூச்சு விடுகிறோம். அம்மா அந்தப் பரீட்சையை ஐந்து மாதமாக நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு கேள்வியும் 'நீ இன்னும் என் பிள்ளைதானே' என்பதற்கான சோதனை. பையனுக்கோ, மெதுவாக ஓடும் மூளையில் ஒரு பதிலைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுகிறது. நானாக இருந்தாலும் லாரியை எறிந்திருப்பேன்.

இரண்டாவது அமர்வில் தமிழே குறுக்கே வந்தது. பயிற்சிக் கையேட்டில் இருப்பதை அப்படியே தமிழாக்கி 'நீ சிவப்புக் கட்டையை எடுக்கிறாய்' என்று காதில் சொன்னால், அம்மா அதைச் செய்தி வாசிப்பாளர் மாதிரி ஒப்பித்தார், பையன் அவரை விநோதமாகப் பார்த்தான். எந்தத் தாய் இப்படிப் பேசுவாள்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "கைக்குழந்தையா இருந்தப்ப சோறு ஊட்டும்போது என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். "இந்தா காக்கா வருது, உக்காந்துருச்சு, பறந்துருச்சு..." என்று தானாக வந்தது. அதேதான். அப்படியே லாரிக்குச் சொல்லுங்கள் என்றேன். "இந்தா லாரி வருது. மஞ்சக் கட்டை ஏறிருச்சு. தம்பி மெதுவா ஓட்டுறாரு. அய்யோ, பள்ளம்!" பையன் முதல் முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த அறையில் நான் இரண்டு நிமிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை.

பாராட்டு இன்னும் கஷ்டம். பிள்ளையை முகத்துக்கு நேராகப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பது அப்பத்தாவின் உறுதியான நம்பிக்கை, ஏற்கெனவே ஒரு முறை பட்டுத்தான் இப்படி ஆனது என்பது அவர் கணக்கு. மூடநம்பிக்கை என்று அவரிடம் வகுப்பெடுத்தால் மூன்றாவது அமர்வுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். "அப்பத்தா, வாரம் பூரா இவங்க பாராட்டட்டும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க சுத்திப் போட்டுடுங்க, கணக்கு நேராயிடும்" என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அதற்குப் பிறகு அவரே எண்ணிக்கை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார், 'இந்த வாரம் ரொம்பப் புகழ்ந்துட்டா, மிளகா கூடப் போடணும்' என்று. 'நல்ல பிள்ளை' போதாது, எது நல்லது என்று தெரிய வேண்டும்: "கட்டையை வீசாம என் கையில கொடுத்தீங்களே ராசா, எனக்குப் பிடிச்சிருக்கு."

ஏழாவது அமர்வில் கேள்விகள் ஆறுக்கு இறங்கின. மூன்றுக்கு வரவே இல்லை, நான் அதை வற்புறுத்தவும் இல்லை.

இரண்டாவது கட்டம் கட்டளை. நாம் குழந்தையிடம் வேலை சொல்லும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். 'பால் குடிக்கலாமா?' என்று கேட்கிறோம், 'மாட்டேன்' என்றால் கோபப்படுகிறோம். கேள்வி கேட்டால் இரண்டு பதிலும் சரிதானே. இல்லையென்றால் 'ஓடாதே, ஏறாதே, தொடாதே' என்று வேண்டாததைச் சொல்கிறோம், வேண்டியது என்னவென்று அந்தக் குழந்தையே யூகிக்க வேண்டும். முன்மடலில் அடிபட்ட குழந்தைக்கு ஓட ஆரம்பித்ததை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. 'நில்லு', 'கையைப் பிடி', 'கட்டையை டப்பாவில் போடு.' ஒரு நேரத்தில் ஒன்று. அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வழக்கமான முறையில் ஐந்து வினாடி. இவனுக்கு அது போதவில்லை, நான்காவது வினாடியில் உடம்பு அசைய ஆரம்பிக்கும், ஐந்தாவதில் அப்பா அடுத்த தடவை கத்திவிடுவார், பையன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இதை அப்பாவுக்குப் புரிய வைக்க நான் மூளைப் படமெல்லாம் வரைந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஓவர்லோடு ஏத்துன வண்டி மாதிரிங்க. பிரேக் பிடிக்கும், ஆனா தள்ளிப் போய்த்தான் நிக்கும்" என்றார். என் படத்தை மடித்து வைத்துவிட்டேன். லோடு ஏற்றியிருந்தால் என்ன செய்வீர்கள்? "முன்கூட்டியே பிடிப்போம். இடைவெளி விட்டு ஓட்டுவோம்." அதன்பின் அவர் பத்து வரை மனதுக்குள் எண்ணப் பழகினார், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே 'இன்னும் ரெண்டு ரவுண்டு லாரி, அப்புறம் கை கழுவுறோம்' என்று சொல்லவும் ஆரம்பித்தார். அடிப்பது முழுசாக நின்றதா என்றால், இல்லை. இரண்டு தடவை அடித்தேன் என்று அவரே வந்து சொன்னார்.

கீழ்ப்படியாவிட்டால் நாற்காலியில் மூன்று நிமிடம் உட்கார வைப்பது மூலமுறையில் உண்டு. இவனிடம் அதை அப்படியே செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்று, நாற்காலியிலிருந்து குதித்து மறுபடி தலையில் அடிபட்டால்? இரண்டு, அந்த வீட்டில் ஒரே அறை, எங்கே உட்கார வைத்தாலும் அப்பத்தா மடிக்கு மூன்றடி. பாயில் ஒரு நிமிடம் என்று மாற்றினோம், அதுவும் அடிப்பதற்கும் கடிப்பதற்கும் மட்டும். வீசுவது, கத்துவது எல்லாம் கண்டுகொள்ளாமல் விடுவது. களைத்திருக்கும் நேரத்தில், அதாவது மாலை ஐந்து மணிக்கு மேல், கட்டளையே குறைவாக. மூலமுறையை விடாப்பிடியாகப் பின்பற்றும் சகாக்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்தால் முதலில் கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தேன். கூடியது. பதினோராவது அமர்வுக்கு முந்தைய வாரம் அம்மாவின் ஊர்த் திருவிழா, ரேடியோ செட் சத்தம், ராத்திரி தூக்கமில்லை, ஊரே கூடியிருக்கும் இடத்தில் பையன் தரையில் புரண்டு அலறினான். சொந்தக்காரர் ஒருவர் கையில் கைபேசியைத் திணித்து அமைதிப்படுத்தினார். 'எல்லாம் வீணாப் போச்சு மேடம்' என்று அம்மா போனில் அழுதார். வீணாகவில்லை, ஆனால் மூன்று வாரம் பின்னால் போனோம். திருவிழாவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பகலில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புங்கள் என்றாவது. சொல்லத் தோன்றவில்லை, அது என் தவறு.

மொத்தம் 16 அமர்வு, ஐந்து மாதம். கடைசி ஆறும் வீடியோ காலில், பஸ் செலவும் ஒரு நாள் வருமானமும் மிச்சம். ஐபெர்க்கின் நடத்தைப் பட்டியலில் 36 கேள்வி, மதிப்பெண் 36 முதல் 252 வரை, 131 தொட்டால் கவலைப்பட வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஆரம்பத்தில் அம்மா சொன்ன பதில்களுக்கு 188 வந்தது, முடிவில் 139. நான் வாய்மொழியாகத் தமிழில் கேட்டு எழுதியது என்பதால் 131 என்ற கோட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவனை அவனோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்தினேன். மருந்து நிறுத்தியது எவ்வளவு, காலம் போனது எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரே குழந்தையை வைத்து முடியாது. கடிப்பது நின்றது. தட்டு வீசுவது வாரத்துக்கு ஒன்றிரண்டு. ரோட்டுக்கு ஓடுவது குறையவில்லை, அதற்குப் பேச்சு அல்ல, கதவுக்கு மேல்தாழ்ப்பாள்தான் வழி என்று தச்சரைக் கூப்பிட்டோம்.

ஆறு மாதம் கழித்து எல்.கே.ஜி. சேர்க்கையின்போது வந்தார்கள். வகுப்பாசிரியைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: கதவிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் பத்து எண்ணுங்கள், இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடம் சும்மா இருக்க விடுங்கள். எழுதப் படிக்க ஆரம்பிக்கும்போதும், எட்டு வயதுவாக்கில் வேலைகளைத் தானே திட்டமிட வேண்டி வரும்போதும் புதிதாகச் சிக்கல் முளைக்கலாம், அதனால் வருஷத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார். ஐந்து நிமிட விளையாட்டு தினமும் நடக்கிறதா என்று கேட்டதற்கு, வாரத்தில் நான்கு நாள் நடக்கிறது, மீதி நாள் லோடு எடுத்துவிட்டு அப்பா வர நேரமாகிவிடுகிறது, அம்மாவோடு விளையாட அவன் இப்போது சம்மதிப்பதில்லை என்றார். "அப்பாதான் நல்லா லாரி ஓட்டுறாராம்."